எற்பாட்டுத் தேநீர்

நுழையும்முன்

பள்ளி விட்டுத் திரும்பும்போது கதவைத் திறக்க எவரும் இல்லாத வீடுகள் இன்று பல. தாய், தந்தை இருவரும் பணிக்குச் செல்லும் பெருநகரங்களில் இது வழக்கமாகிவிட்டது. அத்தகைய வீடொன்றின் பிற்பகலையும், அங்கே ஒரு மாணவி தனக்கென இறக்கிக்கொள்ளும் தேநீரையும், அத்தேநீர் நடந்து வந்த வழியையும் இப்பாடம் கூறுகிறது.

பூட்டிய கதவு

நவி மும்பையின் வடபகுதியில், தானே கழியின் கரையை ஒட்டி அமைந்த ஊர் ஐரோலி. கழியின் அக்கரையில் முலுண்டு. இரண்டையும் ஒரு நீண்ட பாலம் இணைக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முன்னரே குடியேறிய தமிழர்களோடு ஒப்பிட்டால், ஐரோலித் தமிழர் பிற்காலத்தவர். தானே – பேலாப்பூர்ச் சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளும், பின்னர் எழுந்த கணினி நிறுவனங்களும் அவர்களை இங்கு அழைத்து வந்தன.

அவ்வூரின் அடுக்ககம் ஒன்றில், ஐந்தாம் தளத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வசிக்கிறாள். தந்தை தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தாய் மருத்துவமனையொன்றில் செவிலியர். இருவரும் வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகும். மாணவி மூன்று மணிக்கே வந்துவிடுவாள். சாவி அவள் பையிலேயே இருக்கும். மாற்றுச் சாவி எதிர்வீட்டு மராத்திய அம்மையாரிடம் உண்டு. அவரை அவள் ‘காக்கூ’ என்று அழைப்பாள்.

கதவைத் திறந்ததும் வரும் அமைதி முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் முனகல்கூடப் பெரிதாய்க் கேட்கும். சென்ற ஆண்டு வரை அவள் செய்த முதல் வேலை தொலைக்காட்சியைப் போடுவதுதான். பார்ப்பதற்கு அன்று, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலத் தோன்றுவதற்கு. பிறகு கைப்பேசியுடன் கட்டிலில் சாய்வாள். எப்போது ஆறு மணியானது என்பது அவளுக்கே தெரியாது. பசித்ததும் பசிக்காததும்கூட நினைவில் இராது.

பொழுதின் பெயர்

இந்தப் பொழுதுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. அவற்றுள் பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உள்ள நேரம் எற்பாடு. ‘எல்’ என்பது ஞாயிறு. ‘பாடு’ என்பது படுதல், அதாவது மறைதல். எல் + பாடு என்பது எற்பாடு எனப் புணர்ந்தது. ஞாயிறு சாயத் தொடங்கும் நேரம் என்பது பொருள்.

இப்பொழுதை அகப்பொருள் இலக்கணம் நெய்தல் திணைக்கு உரியதாக்கியது. நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் இரங்கல்; பிரிந்து சென்றவர் திரும்பாத நிலையில், கரையில் இருப்பவர் வருந்திக் காத்திருப்பது. கழி, கானல், கண்டல் மரம், நீர்ப்பறவை ஆகியன அந்நிலத்தின் காட்சிகள்.

இனி, அம்மாணவியின் சாளரத்தின் வழியே பார்ப்போம். கட்டடங்களுக்கு இடையே சாம்பல் நிறக் கோடு போலத் தெரிவது தானே கழி. அதன் ஓரத்தில் அடர்ந்திருப்பவை கண்டல் காடுகள். அலையாத்தி மரங்கள் என்றும் கூறுவர். கார்காலம் முடிந்த பின் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து, சேற்றில் அலகைக் கவிழ்த்து இரை தேடும். 2015ஆம் ஆண்டு இக்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கழி இருக்கிறது; கண்டல் இருக்கிறது; பறவை இருக்கிறது; பொழுதும் எற்பாடு. பணிக்குச் சென்றவர்களை எதிர்நோக்கி ஒருத்தி காத்திருக்கவும் செய்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்த திணை ஐரோலியின் ஐந்தாம் தளத்தில் இத்துணை பொருந்துவதை இலக்கண ஆசிரியர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தாத்தாவின் ஒழுங்கு

கோடை விடுமுறையில் அவளுடைய தாத்தா கூடலூரிலிருந்து வந்து இரண்டு திங்கள் தங்கினார். அவர்தாம் பிற்பகல்களை மாற்றினார்.

நாள்தோறும் நான்கு மணிக்கு அவர் எழுந்து அடுக்களைக்குச் செல்வார். எவரையும் அழைக்க மாட்டார். ஒரு கோப்பைத் தண்ணீரை அளந்து பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க வைப்பார். நன்கு கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு சிறு கரண்டித் தேயிலையை இட்டு மூடிவிடுவார். மூன்று நிமிடம் கழித்து வடிகட்டியில் வடிப்பார். பால் சேர்ப்பதில்லை. சர்க்கரையைக் கோப்பையில் போடுவதும் இல்லை. உள்ளங்கையில் சிறிது வைத்துக்கொள்வார். அதைத் தொட்டு நாவில் வைத்து, ஒரு மிடறு தேநீர் பருகுவார். பின்னர் சாளரத்தின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வார். தேநீர் தீரும்வரை எழமாட்டார். தொலைபேசி மணி அடித்தாலும் எழமாட்டார்.

“உட்கார்ந்து குடிக்க வேண்டும், அம்மா. நின்றுகொண்டு குடித்தது போதும்” என்பார்.

அவர் அவ்வாறு கூறியதன் காரணத்தை அவள் பல நாள் கழித்தே கேட்டாள்.

தாத்தா பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். இலங்கை மலைநாட்டில் முதலில் பயிரிடப்பட்டது காப்பி. 1869இல் அங்கே பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், கண்டிக்கு அருகே லூல்கந்துர என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. மலையைத் திருத்தியதும் செடியை நட்டதும் கொழுந்து பறித்ததும் தமிழ்த் தொழிலாளர்களின் கைகள். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களுள் நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர் பலர்.

தோட்டத்து வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். வரிசையாய் ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க ஓட வேண்டும். அதற்குமுன் குடிப்பது ‘சாயத்தண்ணீர்’, பாலில்லாத வெறுந்தேநீர். அதையும் நின்றபடியே, பாதி சூட்டில், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே குடிப்பார்கள். நல்ல இலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகும். பறித்தவர் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் சல்லடையில் கடைசியாக விழும் தூள். பால் வாங்க வழியில்லை, சர்க்கரையும் அருமை. ஆகவேதான் அதைக் கோப்பையில் கரைத்து விடாமல், உள்ளங்கையில் வைத்துச் சிறிது சிறிதாகத் தொட்டுக்கொண்டனர். தாத்தாவின் தாய் அவ்வாறே குடித்தார். தாத்தாவுக்கு இன்று சர்க்கரைக்குக் குறைவில்லை. ஆயினும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். அம்மக்களுடைய கருத்தைக் கேட்காமலேயே அவர்களை இவ்வாறு எண்ணிப் பகுத்தனர் என்பதை வரலாறு படிப்போர் மறக்க இயலாது. ஒரே லயத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

தாத்தா இளைஞராக இருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. அவையே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. மக்கள் வழக்கில் ‘டான்டீ’. கடலுக்கு அப்பால் விட்டு வந்த அதே செடி கூடலூரிலும் அவருக்காகக் காத்திருந்தது. அறுபது வயது வரை அதன் நடுவிலேயே உழைத்தார்.

ஓய்வு பெற்ற மறுநாள் பிற்பகலில் அவர் தமக்கென்று ஒரு தேநீர் இறக்கினார். திண்ணையில் அமர்ந்து முழுவதையும் குடித்தார். தம் வாழ்நாளில் தப்பொலியோ கங்காணியின் குரலோ சங்கோ எழுப்பாமல் அவர் குடித்த முதல் தேநீர் அது. அன்று முதல் நான்கு மணி அவருடையதாயிற்று.

தே என்னும் சொல்

தாத்தா ஊர் திரும்பிய பின், மாணவி தானும் அந்த ஒழுங்கைக் கைக்கொண்டாள். அடுப்பைத் தனியே கையாளத் தாயிடம் முதலில் இசைவு பெற்றாள். வேலை முடிந்ததும் எரிவாயுக் குமிழை மூட வேண்டும் என்பதும், தேயிலை சிறிதளவே இட வேண்டும் என்பதும் தாய் விதித்த நிபந்தனைகள்.

அவளுடைய தேநீர் தாத்தாவின் தேநீர் அன்று. இரண்டு சில்லு இஞ்சியை நசுக்கித் தண்ணீரோடு கொதிக்க விடுவாள். அதைக் காக்கூ கற்றுத் தந்தார். பாலும் சேர்ப்பாள். மும்பைத் தெருவோரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, அரைக் குவளை அளவில் ‘கட்டிங்’ என்று தருகிறார்களே, அந்தச் சுவைக்கும் தாத்தாவின் சாயத்துக்கும் இடைப்பட்ட ஒன்று அது. 1930களில் தேயிலை விற்பனையைப் பெருக்க அமைந்த வாரியத்தினர் வீடு வீடாகவும் தெருத் தெருவாகவும் சென்று தேநீர் இறக்கும் ‘சரியான’ முறையைக் கற்பித்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இலைமேல் ஊற்றி ஊறவிட வேண்டும் என்றனர். நம் தெருக்கடைக்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, பாலும் இஞ்சியும் ஏலமும் நிறையச் சேர்த்து, இலையைக் குறைத்துத் தம் விருப்பப்படியே கொதிக்க வைத்தனர். கற்பித்தவர்களுக்கு வருத்தம், குடித்தவர்களுக்கு இல்லை.

காக்கூ இப்பானத்தை ‘சஹா’ என்பார். வகுப்பில் இந்தி பேசும் தோழியர் ‘சாய்’ என்பர். ஆங்கிலத்தில் ‘டீ’. உலக மொழிகளில் பெரும்பாலானவை இதற்கு இரண்டே பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. இரண்டும் சீனத்தில் தோன்றியவை. சீனத்தின் பெரும்பகுதியில் ‘சா’ என்றும், தென்கிழக்குக் கடற்கரையில் ‘தே’ என்றும் வழங்கினர். தரைவழி வணிகத்தில் பெரிதும் முன்னது பரவியது; டச்சுக் கப்பல்களோடு பின்னது பரவியது. தமிழில் தென்பகுதி ஊர்கள் சிலவற்றில் ‘சாயா’ என்பது வழங்கினாலும், எழுத்து வழக்கில் நிலைத்தது ‘தே’. தே + இலை என்னும்போது ‘ய்’ உடம்படுமெய்யாய்த் தோன்றித் தேயிலை ஆயிற்று. தே + நீர் தேநீர். ஒரு சீனச் சொல்லைத் தமிழ் தன் இலக்கணத்துக்குள் அமர்த்திக்கொண்ட அழகு இது. ஈழத்திலும் மலையகத்திலும் பேச்சு வழக்கில் ‘தேத்தண்ணி’ என்பர். தாத்தாவும் அப்படியே சொல்வார்; சிறு வயதில் அவள் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு.

தனித்து உண்ணலாமா?

ஒருநாள் அவளுக்கு ஓர் ஐயம் எழுந்தது. தமிழ்ப் பாடத்தில் புறநானூற்றுப் பாடல் ஒன்றைப் படித்திருந்தாள். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது. தேவர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும், அதனைத் தனித்து உண்ணாத பண்புடையோர் இருப்பதனால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்பது அதன் கருத்து. அப்படியானால் நாள்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு தனியே தேநீர் அருந்துவது சரியா?

பிற்பகல் தேநீர் என்னும் வழக்கத்தைப் பற்றி இங்கிலாந்தில் கூறப்படும் கதையும் தனிமையில்தான் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டளவில் பெட்போர்டு கோமகள் அன்னா, இரவு உணவு வெகுநேரம் கழித்தே வருவதால் பிற்பகலில் சோர்வுற்று, தம் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் தருவித்துத் தனியே உண்டார் என்பர். பின்னர்த் தோழியரை அழைத்தார், அது நாகரிகமாயிற்று. எனினும் கோமகளின் தேநீரை இறக்கியதும், தட்டில் ஏந்தி வந்ததும், கோப்பையைக் கழுவியதும் பணிப்பெண்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் அக்கதை சொல்லவில்லை. அவர் அறையில் தனியாக இருந்தார் என்று கூறலாமேயன்றித் தனியாகத் தேநீர் செய்தார் என்று கூற இயலாது.

மாணவி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கோப்பைக்கு அவள் இடுவது 2 கிராம் தூள். அப்படியெனில் அதற்கு வேண்டுவது 9 கிராம் கொழுந்து. நாள் முழுதும் சரிவில் நின்று 18 கிலோ பறிக்கும் ஒரு பெண்ணின் கூடையில் 2,000 கோப்பைத் தேநீர் இருக்கிறது. அவள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளுவதை ஒருகணம் நிறுத்தினால் இந்தக் கோப்பை இல்லை.

அன்று இரவு தொலைபேசியில் தாத்தாவிடம் தன் ஐயத்தைக் கேட்டாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“நான் குடிக்கும்போது தனியாகவா இருக்கிறேன்? என் அம்மா இருக்கிறாள். லயத்தில் அடுத்த அறைக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயே தங்கிவிட்ட என் தம்பி இருக்கிறான். அது போகட்டும், உன் அம்மாவுக்கு ஒரு வாய் எடுத்து வைத்தாயா?” என்றார்.

அவள் எடுத்து வைத்திருக்கவில்லை.

ஏழு மணி

மறுநாள் முதல் தண்ணீரை இரண்டு கோப்பையாக அளந்தாள். பால் சேர்த்த தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றி மூன்று மணி நேரம் வைத்தால் அதன் சுவை கெட்டு ஒரு வாடை வந்துவிடும். இதை முதல் நாளே கண்டுகொண்டாள். தாய் முகம் சுளிக்காமல் குடித்ததும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அடுத்த நாள் இஞ்சிச் சாயத்தை மட்டும் வடித்துப் பிளாஸ்கில் ஊற்றினாள். பாலைத் தாய் வந்த பின் காய்ச்சிக்கொள்ளலாம்.

இப்போது அவளுடைய நான்கு மணிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சீருடையை மாற்றுகிறாள். தண்ணீர் கொதிக்கும் ஓசை மாறுவதைக் கேட்கிறாள்; முதலில் சீறும், பின்னர்க் குமுறும். தன் பங்கைத் தாத்தா விட்டுச் சென்ற எனாமல் கோப்பையில் ஊற்றுகிறாள். தட்டில் இரண்டு முறுக்கு. கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும். நாற்காலியைச் சாளரத்தின் அருகே இழுத்துப் போட்டு அமர்கிறாள். தொலைக்காட்சி போடாத வீட்டில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன! கீழே காய்கறி வண்டிக்காரரின் கூவல். தொலைவில் தானே செல்லும் மின்தொடர்வண்டி. எதிர்வீட்டில் காக்கூவின் தாளிப்பு. சில நாள்களில் கழியின்மேல் இளஞ்சிவப்பாய் ஒரு கூட்டம் எழுந்து, வளைந்து, மீண்டும் அமரும். சில நாள்களில் ஒன்றும் நிகழாது. அந்த நாள்களிலும் தேநீர் தீரும்வரை எழுவதில்லை.

காத்திருத்தல் நின்றுவிடவில்லை. ஆறரை மணிக்கு மேல் மின்தூக்கி ஐந்தாம் தளத்தில் நிற்கும்போதெல்லாம் அவள் தலை கதவின் பக்கம் திரும்பத்தான் செய்கிறது.

நேற்று ஏழே காலுக்குத் தாய் வந்தார். காலணியைக் கழற்றியவர் அப்படியே சுவரோரம் நின்று கோப்பைக்குக் கை நீட்டினார். மாணவி கொடுக்கவில்லை. சாளரத்தருகே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“உட்கார்ந்து குடிங்க, அம்மா.”

---

சொல்லும் பொருளும்

எல் – ஞாயிறு, ஒளி
கழி – கடலை ஒட்டிய உப்பங்கழி
கானல் – கடற்கரைச் சோலை
கண்டல் – அலையாத்தி மரம்
லயம் – தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை
பெரட்டு – தொழிலாளர்களை அழைத்துப் பெயர் பதியும் காலைக் கூட்டம்
கங்காணி – தொழிலாளர்களைச் சேர்த்து மேற்பார்ப்பவர்
கொழுந்து – தளிர்; இரண்டு இலையும் ஒரு மொட்டும்

பிரித்து எழுதுக

எற்பாடு, தேயிலை, வெறுந்தேநீர், உள்ளங்கை

சிந்தித்து விடை எழுதுக

1. ஐரோலியின் பிற்பகலை நெய்தல் திணையோடு பொருத்திக் காட்டுக.
2. சர்க்கரையைக் கோப்பையில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டதன் காரணம் யாது?
3. “நின்றுகொண்டு குடித்தது போதும்” – தாத்தாவின் இக்கூற்றை விளக்குக.
4. கோமகள் அன்னாவின் தனிமையும் மாணவியின் தனிமையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
5. மாணவியின் ஐயத்துக்குத் தாத்தா அளித்த விடை உங்களுக்கு நிறைவளிக்கிறதா? உங்கள் கருத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் முதன்முதலில் தேநீரோ காப்பியோ அருந்திய இடத்தையும் அதனைக் கொடுத்தவரையும் கேட்டு, அவர் பேசும் வழக்கிலேயே ஒரு பக்கம் எழுதி வருக.